கடன் பட்டால் கைதியா?

(காட்டுப்பள்ளிக் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்துக்கு அச்சடித்த துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் கேட்டார்: "கடன் வாங்கினவன் நான். கோர்ட்டுக்குப் போகிறவன் கொடுத்தவனாகத்தானே இருப்பான்? நான் எப்படியப்பா அவன் மேல் கேஸ் போடுவது?" நியாயமான கேள்வி. நம்மில் பத்துப் பேரில் ஒன்பது பேர் மனதில் இருக்கிற கேள்வி. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாததால்தான் இரவு எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறோம்.

வாங்கிய கடனைக் கட்டவேண்டும். அதில் எனக்கோ உங்களுக்கோ தகராறு இல்லை. கட்ட முடியாமல் போனால் கொடுத்தவனுக்குச் சட்டம் என்ன உரிமை தருகிறது என்பதுதான் விஷயம். அவன் சிவில் கோர்ட்டில் தாவா போடலாம். உங்கள் தரப்பையும் கேட்டு நீதிபதி தீர்ப்புச் சொல்வார். பணம் பாக்கி என்று தீர்ப்பானால் அதை நிறைவேற்ற மனுப் போடலாம். ஜப்தி வந்தால் கோர்ட் அமீனா வருவார். கையில் உத்தரவு இருக்கும். நாலு தடியன்கள் சட்டைப் பையில் கைவிட்டுக்கொண்டு வாசலில் நிற்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

சரி, அமீனாவே வந்தாலும் எதையெல்லாம் எடுக்கலாம்? சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவை யாராவது படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை இவற்றைத் தொடக் கூடாது. கைத்தொழில் செய்பவரின் கருவிகளைத் தொடக் கூடாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையை, அதாவது தாலியை, தொடக் கூடாது. விவசாயியோ தொழிலாளியோ தான் குடியிருக்கும் சொந்த வீட்டைச் சாதாரணக் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது. (வீட்டையே அடமானம் எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு, அதில் ஏமாந்துவிடாதீர்கள்.) தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்ய முடியாது. கூலி என்றால் போனசும் சேர்த்து; தொழிலாளி என்றால் தேர்ச்சி பெற்றவர், பெறாதவர் எல்லாரும் சேர்த்து என்று அந்தப் பிரிவே விளக்கம் சொல்கிறது. பிராவிடண்ட் பண்டுக்கும் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பை நிறைவேற்றப் பெண்களைக் கைது செய்யவே கூடாது என்று 56-வது பிரிவு சொல்கிறது.

ஆண்களை மட்டும் உள்ளே தள்ளலாமா? அதற்கும் 1980-ல் சுப்ரீம் கோர்ட் பதில் சொல்லிவிட்டது. கொச்சி பாங்கி சம்பந்தப்பட்ட வழக்கு அது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். மந்திரி சபையில் மந்திரியாக இருந்தவர். பணமிருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறவன் விஷயம் வேறு. இல்லாமையால் கட்ட முடியாதவனைச் சிறையில் போடுவது அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்துக்கே விரோதம் என்றார். வறுமை குற்றமாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இவ்வளவும் கம்பெனிக்காரனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். கோர்ட்டுக்குப் போனால் நாளாகும். போய் ஜெயித்தாலும் நம் வீட்டில் எடுக்க ஒன்றும் இருக்காது. ஆகவேதான் அவன் கோர்ட்டுக்குப் போகாமல் வசூல் ஏஜென்சியைப் பிடிக்கிறான். நம்முடைய பயம்தான் அவன் செய்யும் ஜப்தி. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறாரே என்ற வெட்கம், கேட் பாஸ் போய்விடுமோ என்ற கவலை, மகளுக்கு வரன் வந்திருக்கிற நேரத்தில் தெருவில் கூச்சலா என்ற தவிப்பு இவற்றிலிருந்துதான் அவன் பணத்தைக் கறக்கிறான்.

இது இன்று முளைத்த வித்தை அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் சம்பளத் தினத்தன்று ஆலை வாசலில் தடியோடு காபூலிக்காரர்கள் நிற்பார்கள். கூலி தொழிலாளியின் கைக்கு வந்து அவன் வீடு போய்ச் சேருவதற்குள் அவர்கள் கைக்குப் போய்விடும். 1931-ல் அறிக்கை கொடுத்த ராயல் தொழிலாளர் கமிஷனே இதைப் பார்த்துவிட்டு, கடன் வசூலுக்காகத் தொழிற்சாலை வாசலில் மொய்ப்பதைக் கிரிமினல் குற்றமாக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. வங்காளத்தில் 1934-ல் அதற்கென்று ஒரு சட்டமே போட்டார்கள். தடி போய்ச் செல்போன் வந்திருக்கிறது. மற்றபடி ஆலை வாசல் அதே வாசல்தான்.

நம்முடைய ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, நடுவே இந்த மணல் திட்டு. அனல்மின் நிலையம் வந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அதன் பின் கப்பல் கட்டும் தளமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தன. 2018-ல் துறைமுகம் அதானி கம்பெனியின் கைக்குப் போயிற்று. இத்தனை வந்தும் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் காண்ட்ராக்ட் வேலைதான். இந்த மாதம் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்ததே, அப்போது என்ன ஆயிற்று? வலை கறுத்தது, படகு கறுத்தது. பிடித்த மீனை வாங்க ஆள் இல்லை. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் வயல்கள் தண்ணீரில் நின்றன. நடவுக்கும் களைக்கும் போகிறவர்களுக்குக் கூலி இல்லை. வருமானம் நின்றது. டியூ நின்றதா?

டியூ நிற்காதபோது என்ன செய்கிறோம்? குழுக் கடன் டியூ கட்ட இன்னொரு கம்பெனியில் கடன் வாங்குகிறோம். அதைக் கட்ட மூன்றாவது. அதுவும் முடியாதபோது தண்டல்காரனிடம் போகிறோம். குழுவில் ஒரு சகோதரி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரையும் அவள் வீட்டு வாசலில் உட்கார வைக்கிறான் ஏஜெண்ட். "அவளிடம் வாங்கிக் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்" என்கிறான். அடுப்பு மூட்டவேண்டிய நேரத்தில் பெண்ணுக்குப் பெண்ணே வசூல்காரியாகிறாள். நேற்றுவரை ஒரே பானையில் கஞ்சி குடித்தவர்கள் மறுநாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த ஒரு காரியத்துக்காகவே இவர்களைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு விதி ஏதும் இல்லையா? இருக்கிறது. 2022 மார்ச்சில் ரிசர்வ் பாங்கி ஓர் உத்தரவு போட்டது. ஏப்ரல் 1 முதல் அமல். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஈடு கேட்காமல் தரும் கடன் அத்தனைக்கும் அது பொருந்தும். நம்முடைய குழுக் கடன்கள் இந்த ரகம்தான். ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டும் தவணை, அதன் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகும்படி கடன் கொடுக்கக் கூடாது. வீட்டில் எல்லாரும் சேர்ந்து 16,000 சம்பாதித்தால் மொத்தத் தவணை 8,000-க்குள் நிற்க வேண்டும். முன்பே 9,000 கட்டிக்கொண்டிருந்தவரிடம் நாலாவது கம்பெனி வந்து கடன் கொடுத்தது என்றால் விதியை மீறியவன் யார்? இதை அவனிடம் கேட்டிருக்கிறோமா?

வசூல் செய்வதற்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஓர் இடம் இருக்க வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடவை தொடர்ந்து அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. வசைச் சொல், மிரட்டல், அடிதடி கூடாது. ஓயாமல் போன் செய்து நச்சரிக்கக் கூடாது. உறவினர், நண்பர், கூட வேலை செய்பவர் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. கடன்பட்டவர் பெயரைப் பகிரங்கப்படுத்தக் கூடாது. "நாளைக்குப் போலீஸ் வந்து பிடித்துப் போகும்" என்று பொய் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது. வருகிற ஏஜெண்ட் அடையாள அட்டையும், கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதமும், நோட்டீஸ் நகலும் வைத்திருக்க வேண்டும். அடுத்த முறை வருகிறவனிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். கத்த வேண்டாம், கேட்டால் போதும்.

மற்றக் கடன்களுக்கும், வண்டிக் கடன், போன் வாங்கிய கடன், கிரெடிட் கார்டு இவற்றுக்கும், அதே 2022 ஆகஸ்டில் ஓர் உத்தரவு வந்தது. அங்கே நேரம் காலை 8 முதல் மாலை 7 வரை.

இந்த உத்தரவு போட்ட ரிசர்வ் பாங்கியைப் புகழ்ந்து பேச நான் வரவில்லை. மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிகளின் வட்டிக்கு முன்பு இருந்த உச்சவரம்பை எடுத்ததும் இதே 2022 உத்தரவுதான். வசூலில் மரியாதையாக நட, வட்டியை உன் டைரக்டர்களே தீர்மானித்துக்கொள் என்பது அதன் தாத்பரியம். இருந்தாலும் கையில் கிடைத்த ஆயுதத்தை வீசி எறிய வேண்டியதில்லை.

வழக்கு என்று வந்தால் கம்பெனிக்காரன் சொல்லும் முதல் சாக்கு ஒன்று உண்டு: "அடித்தது எங்கள் ஆள் அல்ல. ஏஜென்சி ஆள். அவனைக் கேளுங்கள்." ஏஜென்சியைத் தேடிப் போனால் போர்டு இருக்காது, ஆபீஸ் பூட்டியிருக்கும். இந்த இடத்தில்தான் பலர் சோர்ந்து திரும்பிவிடுகிறார்கள். இந்தச் சாக்கு செல்லாது. ஏஜென்சியிடம் வேலையை ஒப்படைத்ததால் உன் பொறுப்புக் குறையாது, அவன் செய்கைக்கு நீதான் ஜவாப்தாரி என்று ரிசர்வ் பாங்கி உத்தரவே சொல்கிறது.

கோர்ட்டுகளும் அதைத்தான் சொல்லி வந்திருக்கின்றன. லாரிக் கடன் ஒன்றில் ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கி மீதான வழக்கு 2007-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. விசாரித்தவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டுக்காரர், நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். கடனை வசூலிப்பதானாலும் வண்டியை எடுப்பதானாலும் சட்ட வழியில்தான் செய்ய வேண்டும், பாங்கிகள் குண்டர்களை வைத்துப் பறிக்கக் கூடாது என்று அந்த நீதிபதிகள் சொன்னார்கள். குண்டர்கள் என்ற வார்த்தை அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. நான் மேடைக்காகச் சேர்த்தது அல்ல. மறு வருஷம், 2008-ல், மோட்டார் சைக்கிள் கடனுக்காக அவமானப்படுத்தப்பட்டு ஓர் இளைஞன் தூக்கு மாட்டிக்கொண்ட விவகாரம் அதே கோர்ட்டுக்கு வந்தது. மேலே போனவர் பெற்ற தாய். அடாவடி வசூலைக் கண்டித்து ஹைகோர்ட் எழுதியதை நீக்க வேண்டும் என்று பாங்கி கேட்டது. சுப்ரீம் கோர்ட் மறுத்துவிட்டது.

நமக்கு மிகவும் உபயோகமானது மூன்றாவது வழக்கு. டெல்லியில் ஒரு பெண்மணி சிட்டிகார்ப் மாருதி பைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கி வண்டி வாங்கினார். தவணை பாக்கி விழுந்தது. வண்டியைப் பலவந்தமாக எடுத்துக்கொண்டார்கள். அவர் ஜில்லா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனார், அங்கே ஜெயித்தார். கம்பெனி மாநிலக் கமிஷனுக்கு அப்பீல் போனது, தோற்றது. தேசியக் கமிஷனுக்குப் போனது, 2007-ல் தோற்றது. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2011 நவம்பரில் அங்கேயும் தோற்றது. பாக்கி இருக்கிறது என்பதற்காகப் பலாத்காரத்தால் எடுக்க உரிமை இல்லை என்று கோர்ட் சொன்னது. பாக்கி இருந்தது அந்தப் பெண்மணி பக்கம்தான், கவனியுங்கள். இருந்தும் நாலு கோர்ட்டிலும் அவர் நின்றார், ஜெயித்தார். பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

நாலு கோர்ட் என்றதும் சிலர் முகம் வாடுகிறது. உண்மையை மறைக்க மாட்டேன், நாளாகும். ஆனால் முதல் படி ஏறுவது நீங்கள் நினைப்பதுபோல் கஷ்டமல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் புதிதாக வந்து 2020 ஜூலையில் அமலாயிற்று. அதன்படி நீங்கள் குடியிருக்கும் ஜில்லாவிலேயே பிராது போடலாம். கம்பெனியின் தலைமை ஆபீஸ் பம்பாயில் இருந்தாலும் சரி, காட்டுப்பள்ளிக்காரருக்குத் திருவள்ளூர் கமிஷன். திருவொற்றியூர், ராயபுரம் தோழர்களுக்குச் சென்னை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கோர்ட் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே பேசலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். "எல்லாத் தகராறும் எங்கள் ஊர் நடுவரிடம்தான்" என்று பத்திரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பான். அப்படி எழுதியிருப்பது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகத் தடையாகாது என்று 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் முடிவு செய்துவிட்டது. சொந்தப் பிழைப்புக்காக ஓட்டும் ஆட்டோவுக்கோ படகுக்கோ வாங்கிய கடனும் இதில் அடங்கும்.

வக்கீல் வேண்டுமென்றாலும் வழி இருக்கிறது. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் வக்கீலை அவர்களே அமர்த்துவார்கள். இது யாரும் போடும் பிச்சை அல்ல. சட்டத்தில் எழுதியிருக்கிற பாத்தியதை.

பிராதில் கம்பெனியை முதல் எதிரியாகவும் ஏஜென்சியை இரண்டாவது எதிரியாகவும் போடுங்கள். ஏஜென்சியின் விலாசம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கம்பெனியை விடாதீர்கள். தொந்தரவை நிறுத்த வேண்டும், கணக்கைச் சரியாகக் காட்ட வேண்டும், பட்ட அவமானத்துக்கு நஷ்ட ஈடு வேண்டும் என்று கேளுங்கள். கணக்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பாக்கி விழுந்ததும் அபராத வட்டி போட்டு, அதை அசலில் சேர்த்து, அதற்கும் வட்டி போடுவது இவர்கள் வழக்கம். 2023-ல் வந்த ஓர் உத்தரவின்படி, 2024 ஏப்ரல் முதல் அபராதத்தை வட்டியாகப் போடக் கூடாது. அபராதத்தின் மேல் வட்டி ஏற்றவும் கூடாது. உங்கள் கணக்கில் என்ன செய்திருக்கிறான் என்று பாருங்கள்.

அதற்கு முன்னால் ஒரு கடிதம் எழுத வேண்டும். கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு, தமிழிலேயே எழுதலாம். எந்தத் தேதி, எத்தனை மணி, யார் வந்தான், என்ன சொன்னான், யார் பார்த்தார்கள் என்று எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பாங்கிக் கடனாக இருந்தால் இந்தக் கடிதத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. புகார் தீர்வாகும்வரை அந்தக் கணக்கை வசூல் ஏஜென்சியிடம் அனுப்பக் கூடாது என்று 2008-லேயே ரிசர்வ் பாங்கி சொல்லியிருக்கிறது. ஒரு தபால் செலவில் ஏஜென்சி வாசற்படி ஏறாமல் நிற்கும். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை, விவரம் கேட்க 14448 என்ற நம்பர் இருக்கிறது. ஆனால் கோர்ட்டில் வழக்குப் போட்ட பிறகு அவர் அதே விஷயத்தை எடுக்க மாட்டார். ஆகவே எது முதலில் என்று கலந்து பேசிச் செய்யுங்கள்.

அடி, உதை, வீட்டுக்குள் நுழைவது, பெண்களைப் பார்த்து ஆபாசமாகப் பேசுவது என்று போனால் கமிஷனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். "இது கொடுக்கல் வாங்கல், சிவில் கேஸ், போய் வாருங்கள்" என்பார்கள். கடன் சிவில்தான். மிரட்டுவது கிரிமினல். 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் நியாய சம்ஹிதையில் மிரட்டலுக்கு 351, அத்துமீறி நுழைவதற்கு 329, பெண்ணின் மானத்தை அவமதிப்பதற்கு 79 என்று பிரிவுகள் இருக்கின்றன. நம்பரைச் சொல்லிப் பேசினால் ஏட்டையாவின் குரல் கொஞ்சம் இறங்குவதை நீங்களே பார்க்கலாம். வாங்க மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்புங்கள். தண்டல், மீட்டர் வட்டிக்காரர்கள் மீது 2003-ம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அந்த இரண்டு பெயரும் சட்டத்திலேயே இருக்கின்றன. போதாதென்று 2025 ஏப்ரலில் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டசபை தனியாக ஒரு சட்டம் நிறைவேற்றியது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசில் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்ட பிறகும் அந்தச் சட்டத்துக்கு ஏழரை வருஷம் பிடித்தது.

மேலிடம் தானாக நடவடிக்கை எடுக்கும் என்று மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டில், ஹஜாரிபாக்கில், டிராக்டர் கடனுக்காக வந்தவர்கள் டிராக்டரை ஓட்டிப் போகையில் விவசாயியின் மகள், கர்ப்பிணிப் பெண், அதன் சக்கரத்தில் சிக்கிச் செத்தாள். கடன் கொடுத்த மகிந்திரா பைனான்ஸ் வெளி ஏஜென்சிகளை வைத்து வசூல் செய்யக் கூடாது என்று ரிசர்வ் பாங்கி தடை போட்டது. பத்திரிகைகள் எல்லாம் எழுதின. 2023 ஜனவரியில் தடை நீங்கியது. நாலு மாதம் கூட ஆகவில்லை.

எச்சரிக்கையாகச் சில வார்த்தை. தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். செக் திரும்பினால் அது கிரிமினல் கேஸாகும். இரண்டு வருஷம் வரை தண்டனை உண்டு. நோட்டீஸ் வந்து 15 நாளுக்குள் பணத்தைக் கட்ட வேண்டும். தொகை தப்பு என்றால் சும்மா இராமல் பதில் எழுத வேண்டும். நோட்டீசை வாங்காமல் திருப்பி அனுப்புவது வீரமல்ல. நமக்குத் தெரியாமலே வழக்கு நடந்துவிடும். ஏஜெண்டின் சொந்தப் போன் நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். கம்பெனிக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். வழக்குப் போட்டதால் கடன் ரத்தாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு ஓடுகிற ஆசாமிகளும் கிளம்பியிருக்கிறார்கள். முடிந்ததைக் கட்டிக்கொண்டே வழக்கை நடத்துங்கள். அப்போதுதான் கமிஷன் முன்னால் நிமிர்ந்து நிற்க முடியும்.

குழுவில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஒருத்தி வாசலில் உட்காரச் சொன்னால் போகாதீர்கள். போகத்தான் வேண்டியிருந்தால், பத்துப் பேரும் அவளுக்குச் சாட்சியாகப் போங்கள். வந்தவன் பேசியதைச் செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே இடத்தில் நானும் இரண்டு தோழர்களும் மனு எழுத உட்கார்ந்திருப்போம். லோன் கார்டு, பாஸ் புத்தகம், ரசீது, ஆதார் நகல், போனில் வந்த செய்திகள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். பயந்துகொண்டு இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கும் கவர் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்.